தூங்குமூஞ்சி மரத்தின் நகரம்

சாங்கி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் நகருக்குள் போகும் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே சாலையில், கட்டடங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே மரங்கள் வந்துவிடும். அகலமான சாலையின் மேல் கிளைகளை நீட்டி, ஓடும் வண்டிகள்மீது நிழலை விரித்து நிற்கும் மரங்கள். தமிழ்நாட்டிலிருந்து முதல்முறை போகிறவருக்கு எங்கோ பார்த்த மரமாகத் தோன்றும். பார்த்ததுதான். பழைய கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலும், ரயில்வே குடியிருப்பிலும், அரசுக் கல்லூரி வாசலிலும், ஆட்டோ ஸ்டாண்டுக்கு மேலேயும் நிற்கிற அதே தூங்குமூஞ்சி மரம்.

இரண்டு ஊருக்குமே அது வெளியூர் மரம். மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவின் வடபகுதியும் அதன் தாயகம். 1800இல் வெனிசுவேலா வழியாகப் பயணம் செய்த அலெக்சாண்டர் வான் ஹும்போல்ட், ஊர்மக்கள் போற்றிப் பாதுகாத்துவந்த ஒரு தூங்குமூஞ்சி மரத்தை அளந்து, அதன் மேற்கவிகையின் சுற்றளவு 576 அடி என்று குறித்துவைத்தார். சிங்கப்பூருக்கு இந்த மரம் வந்தது 1876இல். இன்று அந்த நகரத்தின் சாலைகளுக்கு முகம் கொடுப்பதே இதுதான்.

நம் ஊர்க் கதை வேறு. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றில் தூங்குமூஞ்சிகள் ஏராளம். விழுந்த பல மரங்களின் அடியில் பார்க்க முடிந்தது ஒரு சிறிய வட்டமான வேர்க்கட்டும், அதில் ஒட்டிக்கொண்டு வந்த நடைபாதைக் கல்லும்தான். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் அங்கே வர்தா போன்ற புயல் வருவது மிக அபூர்வம் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அங்கே ஆண்டில் பாதிக்குச் சற்றுக் குறைவான நாட்களில் இடி இடிக்கிறது. ‘சுமத்ரா’ என்று அழைக்கப்படும் சூறைக்காற்று விடியற்காலையில் மேற்கிலிருந்து வந்து அறைந்துவிட்டுப் போகிறது. ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கு மேல். மரத்துக்குச் சோதனை இல்லாத ஊர் அல்ல அது.

ஒரே இன மரம் ஓர் ஊரில் ஏன் சாலையையே மூடி நிற்கிறது, இன்னோர் ஊரில் ஏன் நடைபாதையைப் பெயர்த்துக்கொண்டு விழுகிறது? இதற்கான விடையில் பாதிதான் மரத்தில் இருக்கிறது. மீதிப் பாதி தரைக்குக் கீழே இருக்கிறது. அதையும் விட்டால், மாநகராட்சியின் பராமரிப்புக் கணக்கில் இருக்கிறது.

மாலையில் மடியும் இலை

முதலில் மரத்தைப் பார்ப்போம். தூங்குமூஞ்சியின் ஓர் இலை என்று நாம் நினைப்பது உண்மையில் பல கிளைகளாகப் பிரிந்த ஒரு பெரிய கூட்டிலை. நடுக்காம்பிலிருந்து துணைக்காம்புகள், அவற்றில் ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள். காம்பு தொடங்கும் ஒவ்வோர் இடத்திலும் சற்றே தடித்த ஒரு கணு இருக்கும். பெரிய காம்பின் அடியில் ஒன்று, ஒவ்வொரு துணைக்காம்பின் அடியிலும் ஒன்று, ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் மிகச் சிறியதாக ஒன்று. தாவரவியலில் இதன் பெயர் பல்வினஸ். மரத்துக்கு இது மூட்டு.

நம் மூட்டில் தசை இருக்கிறது. மரத்துக்குத் தசை கிடையாது, தண்ணீர்தான் உண்டு. கணுவின் ஒரு பக்கத்துச் செல்கள் தண்ணீரை உறிஞ்சிப் புடைத்தால் இலை விரியும். எதிர்ப்பக்கத்துச் செல்கள் புடைத்தால் மடியும். தண்ணீரை இப்படி அங்கும் இங்கும் வரவழைப்பது பொட்டாசியம் அயனிகள். அவை செல்லுக்குள் நுழைந்தால் பின்னாலேயே தண்ணீரும் நுழையும். வெளியேறினால் தண்ணீரும் வெளியேறும், செல் தளர்ந்துவிடும். 1970களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரூத் சாட்டரும் ஆர்தர் கால்ஸ்டனும் இந்தப் பொட்டாசியத்தின் போக்குவரத்தைத் துல்லியமாகத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அவர்களுடைய ஆய்வுப்பொருள்களில் முக்கியமான ஒன்று, ஆட்டோ ஸ்டாண்டுக்கு நிழல் தரும் இதே மரத்தின் இலைக்கணு.

அந்த ஆய்வுகளில் வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. சூரியன் மறைவதால்தான் இலை மடிகிறது என்று நமக்குத் தோன்றும். ஆனால் விடாத இருட்டில் வைத்தாலும் தூங்குமூஞ்சியின் இலைக்கணுக்கள் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் தொடர்ந்து இயங்குகின்றன. ஒளி அந்தக் கடிகாரத்தைத் திருத்தி வைக்கிறதே தவிர, அதை ஓட்டுவதில்லை. 1729இலேயே ஜான்-ழாக் டி மெரான் என்ற பிரெஞ்சு வானியலாளர், இருட்டில் வைத்த தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்று பகல் இரவு தவறாமல் இலையை விரித்து மூடுவதைப் பதிவு செய்திருந்தார். உயிர்க்கடிகாரம் என்ற துறைக்கே தொடக்கம் என்று சொல்லப்படும் கவனிப்பு அது. அந்தக் கடிகாரத்தின் இரசாயனத்தை அறிவியல் படித்துக்கொண்ட இடங்களில் தூங்குமூஞ்சியின் கணுவும் ஒன்று.

மலாய்க்காரர்கள் இதை ஐந்து மணி மரம் என்று அழைத்தது மாலையில் இலை மடிக்கும் இந்த வழக்கத்தை வைத்துத்தான். வானம் கறுத்து மழை கூடும்போதும் இலைகள் மடிவதுண்டு. நகரப் பூங்காவுக்கு இதனால் ஒரு பெரிய நன்மை. உச்சிவெயிலில் மரம் முழு நிழல் தருகிறது. மாலையிலும் இரவிலும் மடிந்த இலைகளுக்கிடையே மழை நேராகத் தரைக்கு வருகிறது. மரம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர்முண்டுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கின்றன. பெரிய மரங்களின் அடியில் பல சமயம் புல் முளைப்பதில்லை. தூங்குமூஞ்சியின் அடியில் மட்டும் புல் பச்சையாக இருப்பதற்கு இவை காரணங்கள்.

மழை மரம் என்று பெயரிலேயே மழையை ஒட்டவைத்த நம்பிக்கை ஒன்றும் உலகின் பல பாகங்களில் இருந்தது. மழை இல்லாத நாளிலும் மரத்திலிருந்து துளி விழுகிறதே என்று மக்கள் வியந்தார்கள். தென் அமெரிக்காவில் நெடுங்காலம் ஆய்வு செய்த தாவரவியலாளர் ரிச்சர்டு ஸ்ப்ரூஸ் மேலே பார்த்துச் சொன்ன பதில் அத்தனை கவித்துவமாக இல்லை: கிளைகளில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் சில்வண்டுகள் வெளியேற்றும் நீர்தான் அது.

நிழலின் கணக்கு

மரத்தடி ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது? பள்ளிப் புத்தகம் சொல்லும் பதில், இலைகள் நீராவியை வெளியேற்றுவதால் என்பது. தவறில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டுமென்றால் சுற்றுப்புறத்திலிருந்து சுமார் 0.68 யூனிட் ஆற்றலை எடுத்துக்கொள்ளும். ஒரு நாளில் 100 லிட்டர் வெளியேற்றும் மரம் 68 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொண்டுவிடும். ஒன்றரை டன் ஏசி ஒன்று முழுவீச்சில் ஏறத்தாழ 13 மணி நேரம் ஓடி அகற்றும் வெப்பம் இது. ஏசி அந்த வெப்பத்தை ஜன்னலுக்கு வெளியே, தெருவில் நடப்பவர் முகத்தில் ஊதுகிறது. மரம் அதை நீராவிக்குள் அடைத்து மேலே அனுப்பிவிடுகிறது.

ஆனால் சிங்கப்பூர் மாதிரி, சென்னை மாதிரி, காற்றில் எப்போதும் ஈரம் நிறைந்த ஊர்களில் இது முழுக்கதை இல்லை. ஈரக்காற்றில் ஆவியாதல் மந்தப்படும். மரத்தடியில் ஒரு வெப்பமானியையும் பக்கத்து வெயிலில் நன்றாக மறைப்புக் கட்டிய இன்னொன்றையும் வைத்தால், காற்றின் வெப்பநிலையில் வேறுபாடு பெரும்பாலும் ஓரிரு டிகிரிதான் இருக்கும். ஓரிரு டிகிரிக்கா இத்தனை நிம்மதி என்று கேட்கத் தோன்றும்.

வெப்பமானி காற்றை அளக்கிறது. நம் தோல் காற்றை மட்டும் உணர்வதில்லை. நம்மீது விழும் கதிர்வீச்சையும் சேர்த்தே உணர்கிறது. நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. போதாததற்கு, 50 டிகிரியைத் தாண்டிக் காயும் தார்ச்சாலை கீழிருந்தும், சுட்டுக்கிடக்கும் சுவர் பக்கவாட்டிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக்கதிர்களை நம்மீது வீசுகின்றன. 20 மீட்டர் விரிந்த ஒரு தூங்குமூஞ்சியின் கவிகை 314 சதுர மீட்டரை மூடுகிறது. அந்த இடத்துக்கு வரும் சுமார் 300 கிலோவாட் வெயிலின் பெரும்பங்கை அது மேலேயே தடுத்துவிடுகிறது. தரை சுடாததால் கீழிருந்து வரும் கதிரும் இல்லை. மரத்தடியின் சுகத்தில் பெரும்பகுதி இந்தத் தடுப்பில்தான் இருக்கிறது.

நகரம் நிழலை எங்கே வைக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கு தீர்மானிக்கிறது. ஊருக்கு வெளியே ஒரு காடு வளர்த்தால் ஊருக்கு நல்லதுதான். ஆனால் பஸ் ஸ்டாப்பில் நிற்பவருக்கு அந்தக் காடு நிழல் தராது. கதிர்வீச்சைத் தடுக்க மரம் நம் தலைக்கு மேலேயே நிற்க வேண்டும். நிழலைக் குடிநீர்போல வீட்டுவாசல்வரை கொண்டுவர வேண்டியிருக்கிறது. சிங்கப்பூர் 2030க்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருப்பதும், பூங்காக்களை ஒன்றோடொன்று மரநிழல் பாதைகளால் இணைத்து 300 கிலோமீட்டருக்கு மேல் நீட்டியிருப்பதும் இதனால்தான் பொருள்படுகின்றன.

இத்தனை செய்தும் அந்த நகரம் சூட்டை வென்றுவிடவில்லை. கட்டடங்கள் நெருங்கிய ஆர்ச்சர்ட் சாலை வட்டாரத்துக்கும் மரங்கள் அடர்ந்த புறப்பகுதிக்கும் இடையே, பொழுது சாய்ந்து சில மணி நேரம் கழித்து 7 டிகிரி வரை வேறுபாடு பதிவாகியிருக்கிறது. பகலெல்லாம் கான்கிரீட் வாங்கி வைத்த வெயிலை இரவில் திருப்பிக் கொடுக்கிறது. அதை மரம் குறைக்கலாமே தவிர, ஒழித்துவிட முடியாது.

சாக்கடைக்கு மேல் ஒரு யோசனை

1963 ஜூன் 16ஆம் தேதி, ஃபேரர் சர்க்கஸ் சாலைச் சந்திப்பில் சிங்கப்பூரின் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டார். அரசியல்வாதி கன்று நடுவது செய்தியே இல்லை. சிங்கப்பூரில் செய்தியானது, அடுத்தடுத்து நடந்தவை. 1967 மே மாதம் ‘தோட்ட நகரம்’ என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. 1971 நவம்பர் 7ஆம் தேதி முதல் மரம் நடும் நாளில், மவுண்ட் ஃபேபர் குன்றின் உச்சியில் அமைச்சர் கோ கெங் சுவீ நட்டது ஒரு தூங்குமூஞ்சிக் கன்று. 1974இல் 1,58,600 ஆக இருந்த மரங்களின் எண்ணிக்கை 2014இல் 14 லட்சமாகியது.

எண்ணிக்கையைவிட முக்கியமான சங்கதி ஒன்றை லீ தம் நினைவுக்குறிப்பு நூலில் சொல்கிறார். பாரிஸ் நகரத்தின் அகன்ற சாலைகளில் மரங்கள் எப்படி இத்தனை செழிப்பாக நிற்கின்றன என்று அவர் விசாரித்திருக்கிறார். அங்கே வடிகால் நடைபாதைக்கு அடியில் போகிறது என்று தெரிந்தது. சிங்கப்பூரில் அப்போது சாலையோரமெங்கும் திறந்த சாக்கடை. மரம் நிற்க வேண்டிய இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவற்றை மூடி மேலே இடம் எடுக்கும் வேலை தொடங்கியது. 1975இல் பூங்காக்கள், மரங்களுக்கான சட்டம் வந்தது. சாலை போடும்போதும் கட்டடம் எழுப்பும்போதும் மரத்துக்கான மண்பட்டையை முதலிலேயே ஒதுக்க வேண்டும் என்பது நடைமுறையானது. அதாவது மரம் நடுவதைத் தோட்டக்காரர் தீர்மானிப்பதற்கு முன்பே வடிகால் பொறியாளர் தீர்மானித்துவிட்டார்.

இதன் அருமை புரிய, மண்ணுக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும். நல்ல தோட்டமண்ணில் பாதிதான் திடப்பொருள். மீதிப் பாதி இடைவெளி. அதில் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் காற்று. வேருக்கு இரண்டும் வேண்டும். இலை சுவாசிப்பதை எல்லோரும் அறிவோம். வேரும் சுவாசிக்கிறது, அதற்கான ஆக்ஸிஜன் இந்த இடைவெளிகள் வழியாகத்தான் போக வேண்டும். அதனால்தான் மரத்தின் வேர்களில் பெரும்பங்கு மேல்மட்ட ஒரு மீட்டருக்குள்ளேயே, கவிகையைத் தாண்டியும் அகலமாகப் பரவி நிற்கிறது. மரம் உயரம் எவ்வளவோ ஆழத்துக்கும் வேர் இறங்கியிருக்கும் என்று படம் போடுவது வழக்கம். பெரும்பாலான மரங்களுக்கு அது பொருந்தாது. ஆழத்தைவிட அகலமே மரத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

சாலைப் பொறியாளருக்கு இந்த இடைவெளிதான் எதிரி. இடைவெளி இருந்தால் தரை அமுங்கும், சாலை பள்ளமாகும். அதனால் ரோலர் விட்டு மண்ணை அதன் உச்ச அடர்த்தியில் 95 விழுக்காடு அளவுக்கு இறுக்குகிறார்கள். ஒரு கனசென்டிமீட்டருக்கு 1.6, 1.7 கிராம் என்ற அளவுக்கு மண் இறுகிவிட்டால் பெரும்பாலான வேர்களால் உள்ளே நுழையவே முடியாது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழியில் கன்றை நட்டு, சுற்றிலும் இப்படி இறுக்கிய தரை இருந்தால், வேர் குழியின் சுவரில் மோதித் திரும்பும். மரம் மேலே வளர்ந்துகொண்டே போகும். கீழே அதே ஒரு மீட்டர்தான். பிறகு கேபிளுக்கும் குழாய்க்கும் தோண்டுகிறவர்கள் ஒரு பக்கத்து வேரை அறுத்துவிட்டால், அடுத்த பெருங்காற்றுக்குக் காத்திருப்பதுதான் பாக்கி.

வேருக்கும் சாலைக்கும் ஒரே இடம் வேண்டும் என்ற இந்த வழக்கைத் தீர்க்க அழகான வழி ஒன்றை 1990களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். எடைக்கணக்கில் சுமார் 80 பங்கு ஜல்லி, 20 பங்கு களிகலந்த மண். கூர்முனை ஜல்லிகள் ஒன்றோடொன்று முட்டி நின்று வண்டியின் பாரத்தைத் தாங்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சந்தில் மண் இறுகாமல் கிடக்கும். அந்தச் சந்துவழியே வேர் நடைபாதைக்கு அடியில் தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். மேலே நடப்பவருக்கு அது சாதாரண நடைபாதை. மரத்துக்கு அது காடு.

அவசரத்துக்கு நட்ட மரம்

சிங்கப்பூர் எல்லாவற்றையும் முதல் தடவையே சரியாகச் செய்துவிடவில்லை. 1960களின் கடைசியில் நிழல் உடனே வேண்டும் என்ற அவசரம். அதற்குக் கிடைத்தது அங்சானா, நம் வேங்கை மரத்தின் நெருங்கிய உறவு. இதன் கைகனத்த கிளையை முருங்கைப் போத்து நடுகிற மாதிரி வெட்டி நட்டாலே வேர் விடும், சில ஆண்டுகளில் மரமாகிவிடும். வெறிச்சோடிக் கிடந்த சாலைகள் சட்டென்று பச்சையாயின.

சிக்கல் பிறகு வந்தது. வேகமாக வளர்ந்த மரத்தின் கிளைகள் காற்றில் முறிந்தன. இடிமின்னல் மிகுந்த ஊரில், மின்னல் தாக்கிய அங்சானாவைத் தேடி, மரத்தைத் துளைக்கும் சிறு வண்டுகள் வந்தன. கூடவே ஃப்யூசேரியம் என்ற பூஞ்சை மரத்துக்குள் நீர் ஏறும் குழாய்களை அடைத்து அதை வாட்டியது. மரம் மரமாக அது பரவும். ஒரே இனத்தை வரிசையாக நட்டுவைத்த சாலையில் பூஞ்சைக்குத் தேடி அலைய வேண்டிய வேலையே இல்லை. பல இடங்களில் வேறு மரங்கள் அங்சானாவின் இடத்தைப் பிடித்தன.

1990இல் ஃபிராங்க் சான்டமூர் என்ற அமெரிக்க மரவியலாளர் நகரங்களுக்கு ஓர் எளிய விதியை முன்வைத்தார்: எந்த ஓர் இனமும் மொத்த மரங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, ஒரு பேரினம் 20ஐ, ஒரு குடும்பம் 30ஐ. தூங்குமூஞ்சியின் ரசிகர்களும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது. எத்தனை நல்ல மரமானாலும் அதுவே ஊர் முழுக்க இருப்பது ஆபத்து.

கிளையை எங்கே வெட்டுவது

நகர மரம் காட்டு மரம்போலத் தன்னிஷ்டத்துக்கு வளர முடியாது. காட்டில் ஒரு கிளை முறிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சாலையில் அது உயிர்ப் பிரச்சினை. ஆகவே கவாத்து செய்யத்தான் வேண்டும். எங்கே வெட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நெடுக்குவாட்டில் பிளந்து, பழைய காயங்கள் உள்ளே என்னவாயின என்று பார்த்தவர். 1970களில் அவர் வெளியிட்ட முடிவு மரப் பராமரிப்பையே மாற்றியது. நமக்குக் காயம்பட்டால் பழைய செல்லின் இடத்தில் புதுச் செல் வந்து ஆறுகிறது. மரத்தால் அது முடியாது. ஒருமுறை உருவான கட்டை அப்படியேதான் இருக்கும். மரம் செய்வது வேறு: காயத்தைச் சுற்றி மேலும் கீழும், உள்ளும் பக்கவாட்டிலும் இரசாயனத் தடுப்புகளை எழுப்பி, அழுகல் பரவாமல் அந்த அறைக்குள்ளேயே பூட்டிவிடுகிறது. பிறகு அதன் மேல் புதுக் கட்டையை வளர்த்து மூடிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறது. நூறு வயது மரத்துக்குள் இப்படிப் பூட்டிய அறைகள் பல இருக்கும்.

அடிமரத்தில் கிளை புறப்படும் இடத்தை உற்றுப் பார்த்தால், அங்கே சுற்றிலும் ஒரு மெல்லிய வீக்கம் தெரியும். அந்தத் தடுப்பை எழுப்பும் ஆற்றல் குவிந்திருப்பது அந்த வீக்கத்தில்தான். பார்வைக்கு வழவழப்பாக இருக்கட்டும் என்று அடிமரத்தோடு ஒட்டச் சீவினால் அந்த வீக்கமே போய்விடும். அழுகல் நேராக உள்ளே இறங்கும். வீக்கத்தைத் தாண்டி நீளமாகக் கட்டையை விட்டுவைத்தால் அந்தக் கட்டை செத்து, பூஞ்சைக்குப் படிக்கட்டாகும். தெரிந்தவர் மூன்று வெட்டில் முடிப்பார். முதல் வெட்டு, அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் கீழ்ப்புறத்தில் பாதிவரை. இரண்டாவது, அதற்குச் சற்று வெளியே மேற்புறத்திலிருந்து. பாரமான கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் விழும். மூன்றாவது, மிஞ்சிய கட்டையை வீக்கத்துக்கு வெளியே ஒட்டி. வெட்டிய இடத்தில் தாரோ பெயின்டோ பூசுவதால் அழுகல் தடுக்கப்படுவதில்லை என்றும் ஷிகோ காட்டினார்.

இன்று சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் 400க்கு மேற்பட்ட பூங்காக்களையும் சாலையோர மரங்களையும் கவனித்துக்கொள்கிறது. மர ஆய்வாளர் முதலில் கண்ணால் பார்க்கிறார்: மரம் சாய்கிறதா, அடியில் காளான் தெரிகிறதா, மண் வெடித்திருக்கிறதா. சுத்தியலால் தட்டிக் கேட்கிறார். சந்தேகம் வந்தால் அடிமரத்தைச் சுற்றி உணரிகளைப் பொருத்தித் தட்டுகிறார்கள்; கெட்டியான கட்டையில் ஒலி விரைந்து போகும், அழுகிய இடத்தைச் சுற்றிக்கொண்டு போகத் தாமதமாகும். அந்தத் தாமதங்களைச் சேர்த்து உள்ளே இருப்பதன் படம் வரைந்துவிடலாம். மெல்லிய ஊசியால் துளைத்து எதிர்ப்பைப் பதிவு செய்யும் கருவியும் உண்டு. 2018இல் ஐந்து லட்சம் மரங்களுக்கு மேல், ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று பொதுமக்களே பார்க்கும்படி இணைய வரைபடமாக வெளியிட்டார்கள்.

இத்தனை இருந்தும் எல்லை ஒன்று உண்டு. சிங்கப்பூர்த் தமிழர்கள் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் பூங்காவில், 2017 பிப்ரவரி 11ஆம் தேதி 40 மீட்டர் உயரமான தெம்புசு மரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. ஒரு பெண் உயிரிழந்தார். 270 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகக் கருதப்பட்ட, மரபுடைமைப் பட்டியலில் இருந்த மரம். சில மாதங்களுக்கு முன்புதான் அதைப் பரிசோதித்திருந்தார்கள். கேடு இருந்தது அடிப்பகுதியின் வேர்களில், கண்ணும் கருவியும் எளிதில் எட்டாத இடத்தில். தரைக்குமேலே எல்லாம் அளக்கத் தெரிந்த பிறகும், தரைக்குக் கீழே பார்ப்பது இன்னும் கடினமாகவே இருக்கிறது.

தண்ணீருக்கும் ஒரு பூங்கா

இடம் ஒதுக்கும் இந்தச் சிந்தனை மரத்தோடு நிற்காமல் ஆற்றுக்கும் போனது. பீஷான், அங் மோ கியோ வட்டாரங்களுக்கு நடுவே காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது; பக்கத்திலேயே பூங்கா, நடுவில் வேலி. 2012இல் பணி முடிந்து திறந்தபோது கால்வாய் காணாமல் போயிருந்தது. பூங்காவுக்குள் வளைந்து வளைந்து 3.2 கிலோமீட்டர் ஓடும் ஆறு வந்திருந்தது. கரையைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் செடிகளின் வேரும் பாறைகளும். வறண்ட நாளில் சிறு ஓடை, குழந்தைகள் கால் நனைக்கலாம். பெருமழையில் பூங்காவின் புல்வெளியே ஆற்றின் படுகையாகி, தண்ணீர் ஏறத்தாழ 100 மீட்டர் அகலத்துக்கு விரியும். விளையாடும் இடமும் வெள்ளம் தங்கும் இடமும் ஒன்றே, நேரம்தான் வேறு. ஏரியையும் அதன் நீர்ப்பிடிப்பு வயலையும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த யோசனை புதிதல்ல. ஊர் பெருகும்போது அதைக் கைவிட்டதுதான் புதிது.

நம் தெருவுக்கு வந்தால்

சிங்கப்பூர் 700 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட, பணம் படைத்த ஒரு நகர நாடு. அதை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. ஆனால் அங்கே மரத்தைக் காப்பாற்றியவற்றில் பல பணத்தால் வந்தவை அல்ல. வடிகால் வரைபடத்தில் மரத்துக்கு இடம் விடுவதற்கும், வீக்கத்துக்கு வெளியே வெட்டுவதற்கும், ஒரே இனத்தை ஊர் முழுக்க நடாமல் இருப்பதற்கும் செலவு அதிகமில்லை. முன்கூட்டி யோசிக்க வேண்டும். யோசித்ததை ஆட்சி மாறினாலும் அதிகாரி மாறினாலும் தொடர வேண்டும்.

மரத்தைச் சுற்றிக் கான்கிரீட் போடக்கூடாது என்பது நம் நாட்டிலும் சட்டத்தின் காதுக்கு எட்டிய விஷயம்தான். 2013இல் டெல்லி தொடர்பான வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்தும் இலக்கோடு இயங்குகிறது. ஆண்டுதோறும் இத்தனை லட்சம் கன்றுகள் என்ற செய்தி வருகிறது. அந்த எண்ணிக்கை தொடக்கம்தான். ஒரு கன்று நிழல் தரத் தொடங்கப் பத்து, பதினைந்து ஆண்டுகள். தெருவை மூடி நிற்க முப்பது ஆண்டுகள். நடுவதற்கு ஒதுக்கும் தொகை ஒரு நாளில் செலவாகிவிடும். மீதி முப்பது ஆண்டுகளுக்கான தொகை எந்தத் தலைப்பில் இருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அதைக் கேட்க மேடை தேட வேண்டியதில்லை. வார்டின் பகுதி சபைக் கூட்டம் போதும். போகும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவிலுள்ள மரங்களைச் சுற்றி எத்தனை அங்குலம் வெறும் மண் இருக்கிறது என்று அளந்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். எந்த மரத்தின் கிளையை அடிமரத்தோடு ஒட்டச் சீவியிருக்கிறார்கள், எந்த மரத்தின் வேரைக் குழாய்க்காக அறுத்திருக்கிறார்கள், மொத்தத்தில் எத்தனை இனம் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதலாம். அடுத்த புயலில் எது நிற்கும், எது விழும் என்பதைப் பற்றி அந்த ஒரு தாள் நிறையவே சொல்லிவிடும். நடைபாதைக்குத் தளம் போட வரும் ஒப்பந்தக்காரரிடம் அதைக் காட்டி, மரத்தடியில் மட்டும் கலவையைக் கொட்டாதீர்கள் என்று கேட்பதற்கு அரசாணைகூடத் தேவையில்லை.